பிஞ்சு வெம்பி விழுகிறதே!

கேள்வி: ராட்சதப் பூசணி விதை நட்டேன். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. ஆனால் பிஞ்சுகள் எலுமிச்சை அளவிலேயே மஞ்சளாகி வெம்பி விழுகின்றன. தப்பிய இரண்டும் கால்பந்து அளவோடு நின்றுவிட்டன. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை அப்புறம் பார்க்கலாம். பிஞ்சு வெம்புவதற்குப் பெரும்பாலும் மகரந்தம் சரியாகச் சேராததுதான் காரணம். கடும் வெயிலும் உதிர்க்கும். தேனீ வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சேர்த்துவிடுங்கள். பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். இதழுக்கு அடியில் குட்டிக் காய் உருண்டையாகத் தெரிந்தால் அது பெண் பூ. வெறும் காம்புதான் என்றால் ஆண் பூ. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெடுத்து, நடுத்தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள மடல்கள் எல்லாவற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடல் விட்டுப்போனால்கூடக் காய் கோணலாகலாம்.

சரி, காய் ஏன் நின்றுவிட்டது? இரண்டையும் விட்டுவைத்தீர்களே! ஒரு கொடிக்கு ஒரே காய். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காதுதான், எனக்கும் கேட்டதில்லை. ஆனால் 2025இல் 1,278 கிலோவைத் தாண்டி உலக சாதனை படைத்த பூசணி மாதிரியான காய்களை வளர்ப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். விதையும் முக்கியம். கனடா விவசாயி ஹோவர்ட் டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயன்ட்' வழி வந்த விதைதானா என்று பாருங்கள். சாதாரண விதையை எவ்வளவு கவனித்தாலும் அந்த அளவு வராது.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு முறை காய் இரு கைகளால் அணைக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் காம்பு கொடியோடு சேரும் இடத்தில் கிழிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. கணு வேர் விட்டுக் கொடியை மண்ணோடு பிடித்துக்கொண்டதால், காய் பருத்து மேலே எழும்பியபோது கொடியால் கூடவே எழ முடியவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

அதனால் மற்றக் கணுக்களுக்கெல்லாம் மண் அணைத்து வேர் விடச் செய்யுங்கள். காய்க்குப் பக்கத்துக் கணுக்களின் வேரை மட்டும் வெட்டிவிடுங்கள். அடியில் மணல் பரப்புங்கள், தோல் இறுகாமலிருக்க மேலே துணிப்பந்தல் போடுங்கள். தண்ணீரைச் சீராக விடுங்கள். காயவிட்டுத் திடீரென்று கொட்டினால் காய் வெடித்துவிடும்.