மணல் இல்லாத பீச்சுக்கு எதற்குப் போக வேண்டும்?

கேள்வி: பாண்டிச்சேரி பீச் ரோட்டில் கால் நனைக்கக்கூட இடம் இல்லை, வெறும் கருங்கல்தான் என்கிறார்கள். குழந்தைகள், பெரியவர்களோடு சென்னையிலிருந்து வருகிறோம். அங்கே போவது வீணா?

வீண் இல்லை. ஆனால் மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் டவலும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு பீச் ரோட்டுக்குக் கிளம்புவார்கள், அங்கே போய்க் கல்லைப் பார்த்துவிட்டு "என்னப்பா இது" என்று என்னையே கேட்பார்கள், நான்தான் கொட்டினேன் என்பது போல. அது நடப்பதற்கான இடம், குளிப்பதற்கான இடம் இல்லை. இதை முதலிலேயே வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது நேரம். சென்னைக்காரர்கள் செய்வது என்னவென்றால், காலையில் சாவகாசமாகக் கிளம்பி, ஈ.சி.ஆரில் எங்கேயாவது டிபன் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு நேராக பீச் ரோட்டில் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் உள்ளூர் நாய்கூட அங்கே இருக்காது. ஒதுங்க நிழல் கிடையாது, கல்லில் சூடு ஏறிவிடும், வண்டிகள் வேறு போய்க்கொண்டிருக்கும். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அந்த நேரம்தான் அதற்கு உயிர் வரும். என்னைக் கேட்டால் மாலையைவிட விடியற்காலைதான். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம் (சிலர் அஸ்தமனம் பார்க்க வந்து கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கியிருக்கும்). அஞ்சரை மணிக்கெல்லாம் நடைக்காரர்கள் வந்துவிடுவார்கள், அரவிந்தர் ஆசிரமத்து வயசாளிகள், ஓடுகிற பையன்கள், கல்லில் நின்று தூண்டில் போடுகிறவர்கள். சனி ஞாயிறு மாலை என்றால் பெங்களூரும் சென்னையும் சேர்ந்து இங்கேதான் இருக்கும், பெரியவர்களுக்கு உட்காரக்கூட இடம் கிடைக்காது, வண்டி நிறுத்த நாலு தெரு தள்ளிப் போக வேண்டும். முடிந்தால் வார நாளில் வாருங்கள்.

சரி, மணல் எங்கே போனது? இந்தக் கேள்விக்குத்தான் ஊரில் பல பேர் சுனாமி என்று பதில் சொல்வார்கள். சுனாமி வந்தது 2004-இல், மணல் போக ஆரம்பித்தது அதற்கு முன்பே. எண்பதுகளின் கடைசியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவரும். கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் சுவர் வந்ததும் தெற்கே மணல் தேங்கிவிட்டது, வடக்கே வர வேண்டியது வரவில்லை, ஆனால் இங்கிருந்து வடக்கே போவது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வரவு நின்று செலவு தொடர்ந்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது. தேங்கும் மணலை அள்ளி வடக்குப் பக்கம் போட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்ததுதான், அதை ஒழுங்காகச் செய்யவில்லை.

அப்புறம் சாலையையும் கட்டடங்களையும் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் சாலையைக் காப்பாற்றும், மணலைத் திருப்பிக் கொண்டுவராது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடியில் இருக்கிற மிச்ச மணலையும் பறித்துக்கொண்டுதான் போகும். அரிப்பு அங்கேயே நின்றுவிடவும் இல்லை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று ஆரம்பித்து, எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரை வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்) போட்டால் அங்கே கொஞ்சம் மணல் பிடிக்கும், அடுத்த குப்பத்தில் கரை போகும். டூரிஸ்டுக்கு இது கால் நனைக்க இடமில்லை என்கிற குறை, அவ்வளவுதான். அந்தக் குப்பங்களில் இருப்பவர்களுக்குப் படகு ஏற்றி வைக்கவும் வலை காயப்போடவும் இருந்த இடமே போய்விட்டது.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது முழுசாகச் சரி என்றும் சொல்ல முடியாது. 2018-இல் சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் வடிவமைத்த ஒரு பெரிய இரும்பு அமைப்பை, ஆப்பு மாதிரி இருக்கும், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கினார்கள். தண்ணீருக்குள்ளேயே இருக்கிற செயற்கைத் திட்டு அது. அலையின் வேகத்தை அது குறைக்க, பின்னால் மணல் சேர ஆரம்பித்தது. பல வருஷமாகக் கல்லை மட்டுமே பார்த்தவர்கள் மணலில் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஊரே திருவிழா மாதிரி இருந்தது. அந்த மணல் ஒரே அளவில் இருக்காது, சில மாதம் அகலமாக இருக்கும், சில மாதம் சுருங்கிவிடும். நீங்கள் வரும்போது இருந்தால் பிள்ளைகள் விளையாடட்டும், ஆனால் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும் இடத்திலேயே இழுப்பு இருக்கிறது, பக்கத்தில் கல் இருக்கிறது, உயிர் போயிருக்கிறது. போலீஸ் விசில் அடித்தால் சண்டை போடாமல் மேலே ஏறிவிடுங்கள்.

நடக்கும்போது பார்க்க நிறைய இருக்கிறது. தெற்கு முனையில் பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளேயின் சிலை. அங்கிருந்து வடக்கே வந்தால் மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது, இப்போது இருப்பது பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டியது. அப்புறம் கடலோரமாகவே லே கஃபே, ஒரு காலத்தில் துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடம். காபிக்காகப் போகாதீர்கள், உட்கார்ந்து கடல் பார்ப்பதற்காகப் போங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை, அதைக் கவனிக்காமல் காந்தியோடு செல்ஃபி மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். எதிரே பழைய கலங்கரை விளக்கம், 1836-இல் ஏற்றியது, இப்போது வேலையில் இல்லை. அங்கேயே நின்று கடலைப் பார்த்தால் தண்ணீருக்குள் கம்பங்களாக ஏதோ தெரியும். அது கப்பல் சரக்குக்காக 1866-இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலத்தின் மிச்சம். அதற்கு முன்பு கப்பல்கள் தள்ளியே நிற்கும், ஆளும் சரக்கும் சலங்கு என்கிற படகில்தான் கரைக்கு வர வேண்டும். 1952 புயலில் பாலம் போனது. அதற்குப் பிறகு தெற்கே கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் விழுந்துவிட்டது. பாலத்துக்கும் இந்தக் கடலுக்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை போல. இன்னும் கொஞ்சம் வடக்கே, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம், 1938-இல் திறந்தது, ஜூலை 14 அன்று விளக்குப் போட்டு மரியாதை செய்வார்கள்.

உள் தெருக்களில் மஞ்சள் சுவர் வீடுகளுக்கு முன்னால் போட்டோ எடுக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். எடுங்கள், ஆனால் அவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், வாசற்படியில் ஏறி உட்கார்ந்து உடை மாற்றி உடை மாற்றி ஒரு மணி நேரம் ஷூட்டிங் நடத்துவது அநியாயம். மணக்குள விநாயகர் கோயில் நடக்கிற தூரம்தான். யானையைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்து வராதீர்கள், லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது, இன்னமும் வந்து கேட்கிறார்கள், பதில் சொல்ல எங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மணல் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு அரை நாள் ஒதுக்கிவிடுங்கள். கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு போய், அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச். துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பதால் மணலுக்குப் பஞ்சமில்லை. படகுப் பயணமே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அங்கேயும் முட்டிக்கு மேல் தண்ணீரில் விடவேண்டாம், இழுப்பு எங்கள் கடல் முழுக்க உண்டு. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், படகுக்கு நிற்கும் வரிசையிலேயே பெரியவர்கள் சோர்ந்துவிடுவார்கள்.