மர்ஃபியின் நான்கு சிங்கங்கள்

வணக்கம் சார்,

நான் டப்ளினில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் குடும்பப் பெயர் மர்ஃபி. நினைவுப்பொருள் கடையில் 'மர்ஃபி குடும்பச் சின்னம்' போட்ட காபி கோப்பை ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். கேடயத்தில் நான்கு சிங்கம், நடுவே கறுப்புப் பட்டையில் மூன்று கோதுமைக் கட்டு. அவர் சிரித்துவிட்டு, "இது எங்களுடையது என்று யார் சொன்னது?" என்றார். எல்லாப் பெயருக்கும் ஒன்று விற்கிறார்களே, இதெல்லாம் நிஜம்தானா?

ச., டப்ளின்

அன்புள்ள ச.,

சின்னம் நிஜம்தான். ஏதோ ஒரு மர்ஃபியுடையது. உங்கள் நண்பர் அந்த வழியில் வந்தவரா என்பதுதான் கேள்வி.

கேடயச் சின்னத்தை ஓர் ஆளுக்குத்தான் தருவார்கள். அவருக்குப் பின் அது வாரிசுகளுக்குப் போகும். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் யாருக்கும் பாத்தியதை வந்துவிடாது. மர்ஃபிதான் அயர்லாந்தில் மிக அதிகம் பேருக்குள்ள குடும்பப் பெயர். வெக்ஸ்ஃபோர்டு, டைரோன் என்று வெவ்வேறு வட்டாரங்களில் தனித்தனியாகத் தோன்றியது. கடைக்காரருக்கு எல்லா மர்ஃபியும் ஒன்றுதான்.

12ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்திறங்கிய நார்மானியர்கள் கொண்டுவந்த வழக்கம் இது. ஓநீல்களின் சிவப்புக் கை, ஓகானர்களின் ஓக் மரம் என்று கேலிக் தலைவர்களும், அதாவது அயர்லாந்தின் பூர்வீகக் குலத் தலைவர்களும், பிறகு இதற்குள் வந்தார்கள். இவற்றைப் பதிவு செய்ய இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்ட் 1552இல் 'அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்' என்ற பதவியை உண்டாக்கினார். ரொம்பக் கறாரான அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். 1903இல் டப்ளின் கோட்டையில் அதற்குப் புதிய காப்பறை கட்டினார்கள். அரச நகைகள் வைக்கும் இரும்புப் பெட்டி அதன் வாசலுக்குள் நுழையவில்லை. வெளியே நூலகத்திலேயே வைத்தார்கள். 1907இல் பிரிட்டிஷ் மன்னர் வருகைக்குச் சில நாள் முன்பு, உள்ளே இருந்த நகைகளைக் காணோம். இன்றுவரை கிடைக்கவில்லை.

1943 ஏப்ரல் 1 அன்று அலுவலகம் ஐரிஷ் அரசின் கைக்கு வந்தது. அப்போது பொறுப்பேற்ற எட்வர்ட் மக்லைசாட் ஒரு சமரசம் கண்டார். பழைய கேலிக் சமூகத்தில் எல்லாம் குலத்தை வைத்துத்தான். ஆகவே குலத்தின் உண்மையான வழித்தோன்றல்கள் குலச்சின்னத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் தன் சொந்தச் சின்னமாகக் கடிதத்தாளில் அச்சடித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கருத்து. நார்மானிய உறைக்குள் கேலிக் மனசை வைத்தார் என்பேன். எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் 'உண்மையான வழித்தோன்றல்கள்' என்ற நிபந்தனையைக் கடைகள் வசதியாக மறந்துவிட்டன.

ஜான் கென்னடி விஷயத்தைப் பாருங்கள். 1961இல், புனித பாட்ரிக் தினத்தன்று, ஐரிஷ் அரசு அவருக்கு ஒரு சின்னம் வழங்கியது. கறுப்புப் புலத்தில் மூன்று தங்கத் தலைக்கவசங்கள். பழைய ஆர்மண்ட் ஓகென்னடிகளின் சின்னத்திலும் மூன்று தலைக்கவசங்கள் உண்டு. அதையே அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. சுற்றிலும் ஒரு கரை சேர்த்து, கேடயத்துக்கு மேலே அம்புகளைப் பிடித்த கையை வைத்து, அவருக்கென்றே புதிதாக வரைந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதிக்கே அப்படி.

உங்கள் நண்பருக்கு ஆசையிருந்தால் கில்டேர் தெருவில் தேசிய நூலகம் இருக்கிறது. அந்தப் பழைய சின்னப் பதிவு அலுவலகம்தான் இப்போது தலைமை ஹெரால்டு அலுவலகம்; அது நூலகத்தின் கீழ்தான் வருகிறது, தனக்கென்று ஒரு சின்னம் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். ஆயிரக்கணக்கில் யூரோ ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.