குலை நோயா, இலையுறைக் கருகலா?
ஐயா, காட்டுமன்னார்கோவில் பக்கத்துச் சம்பா வயலுக்குக் கடைக்காரர் குலை நோய் என்று சொல்லித் தந்த ட்ரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தெளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புள்ளிகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, இலையுறையில், அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதியில், தொடங்கின என்று நீங்களே எழுதியிருப்பதால், இது இலையுறைக் கருகலாகவே எனக்குத் தோன்றுகிறது. குலை நோய்ப் புள்ளி கண் வடிவில், இரு முனையும் கூர்மையாக இருக்கும். இதுவோ பாம்புத் தோல் போலத் திட்டுத் திட்டாகப் படரும். தூரைப் பிரித்துப் பாருங்கள். உறையில் கடுகளவுப் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் ஐயமே வேண்டாம். கடைக்காரர் தந்த மருந்து இதற்குக் கேட்காது. லிட்டருக்கு 2 மில்லி ஹெக்சகோனசோல் 5 ஈ.சி. என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து, தூரின் அடி நனையும்படி தெளியுங்கள். மேலோட்டமாக அடிப்பது வீண் செலவு. யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். வீராணம் ஏரித் தண்ணீர் வருகிறதே என்று தேக்காமல் வடித்துவிடுங்கள், ஆனால் அடுத்தவர் வயலுக்குள் அல்ல. அந்த உருண்டைகள் நீரில் மிதந்தே பரவும்.