விஞ்ஞான் பவன் மேடை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

2025 செப்டம்பர் 23 அன்று விஞ்ஞான் பவனில் நடந்த 71-ஆவது தேசியத் திரைப்பட விருது விழாவைத் தூர்தர்ஷனில் முழுவதும் பார்த்தேன். பெயரை வாசிக்கிறார்கள், ஒருவர் ஏறி வந்து, வணங்கி, வாங்கிக்கொண்டு இறங்குகிறார். ஷாருக் கான் பெயர் வந்தபோதுதான் அரங்கம் விழித்துக்கொண்டது. ஆட்டமும் பாட்டும் இல்லாமல், வாழ்நாள் சாதனைக்கான பால்கே விருது பெற்ற மோகன்லாலைத் தவிர மற்றவர்கள் இரண்டு வார்த்தை பேசக்கூட இடமில்லாமல் ஏன் இப்படி அலுவலகத்தனமாக ஒரு விழா? தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஏன் இதில் விருது இல்லை? தில்லியிலேயே நடக்கிறது என்பதைத் தவிர இங்கிருக்கும் தமிழர்களான நமக்கு இதனால் என்ன பயன்?

ஒரு வாசகர்
மயூர் விஹார், தில்லி

அன்புள்ள நண்பருக்கு,

விழா அலுவலகத்தனமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தனியார் தொலைக்காட்சிகளின் விருது விழாக்களில் நடனத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே மிஞ்சும் நேரத்தில்தான் விருது வழங்கப்படுகிறது. நட்சத்திரங்களின் வருகைக்காகவே விழா, விழாவுக்காகவே விருது என்ற நிலைக்கு அவை வந்து நெடுநாளாகிறது. விஞ்ஞான் பவனிலோ ஷாருக் கானுக்குக் கிடைத்த அதே சில நொடிகள்தான் படத்தொகுப்பாளருக்கும், ஒலிப்பதிவாளருக்கும், யாரும் கேள்விப்பட்டிராத ஆவணப்பட இயக்குநருக்கும், திரை விமர்சகருக்கும் கிடைக்கின்றன. அரங்கம் யாருக்குக் கூடுதலாகக் கைதட்டுகிறது என்பது அரங்கத்தின் விஷயம். மேடை எல்லோரையும் ஒரே அளவில்தான் நிறுத்துகிறது.

அந்த நொடிகளுக்கு விருதாளர்கள் தரும் மதிப்பை 2018-இல் தில்லி நேரடியாகப் பார்த்தது. 65-ஆவது விருது விழாவில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 11 பேருக்கு மட்டுமே தம் கையால் விருது தருவார், ஏனையோருக்கு அன்றைய அமைச்சர் ஸ்மிருதி இரானி தருவார் என்று கடைசி நேரத்தில் அறிவிக்கப்பட்டதும், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாவுக்கே வர மறுத்துவிட்டார்கள். அதைத் தற்பெருமை என்று அப்போது எழுதியவர்கள் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே அந்த மேடையில் ஏறக்கூடிய ஒரு தொழில்நுட்பக் கலைஞர், நட்சத்திரத்துக்கு ஒரு கை, தமக்கு வேறொரு கை என்ற பிரிவினையை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

குறை சொல்வதென்றால் விழாவுக்கு முன்னால் நடப்பதையும் பின்னால் நடக்காததையும்தான் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் விண்ணப்பித்த படங்களை மட்டுமே நடுவர்கள் பார்க்கிறார்கள். பிராந்தியக் குழுக்களைத் தாண்டி வந்தவை மத்தியக் குழுவின் முன் வைக்கப்படுகின்றன. இத்தனை வடிகட்டிய பிறகும், 68-ஆவது விருதுகளில், படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலி பதிவு செய்த படங்களுக்கு மட்டும் உரிய விருது, பின்னர் டப்பிங் செய்யப்பட்ட ஒரு கன்னடப் படத்துக்குப் போய்விட்டது என்று ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். இப்படியொரு பிழையை மேடையில் எத்தனை நடனங்கள் வைத்தாலும் மறைக்க முடியாது.

தொலைக்காட்சியைப் பற்றிய உங்கள் கேள்விக்கான பதில் எளியது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களே இவ்விருதுகளுக்குத் தகுதி பெறுகின்றன. தொடர்கள் அந்தச் சான்றிதழுக்குப் போவதில்லை என்பதால் அவை இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. தனியாக ஒரு விருது தொடங்கலாம்தான். ஆனால் ஆயிரம் எபிசோடு ஓடிய தொடரை உட்கார்ந்து பார்க்கப்போகும் நடுவர்களை நினைத்தால் எனக்கு இப்போதே இரக்கம் வருகிறது. ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது பெற்ற எம்.எஸ். பாஸ்கர், பட்டாபி என்ற தொடர் பாத்திரமாகச் சின்னத்திரை வழியே நம் வீடுகளுக்குள் வந்தவர் என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

நமக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையை முதலில் பெற்ற தமிழ்ப்படம், 1990-ஆம் ஆண்டுக்கான விருதுகளில் தேர்வான ‘மறுபக்கம்’. சேதுமாதவன் இயக்கிய அந்தப் படத்தின் மூலக்கதையை எழுதியவர், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த நம் இந்திரா பார்த்தசாரதி. நம்மில் பலர் அதைத் தூர்தர்ஷனில்தான் பார்த்தோம். எண்பதுகளின் பிற்பகுதி முதல் ஞாயிறு மதியம், செவித்திறன் குறைந்தோருக்கான செய்திகள் முடிந்ததும் ஒரு மாநில மொழிப் படம், பெரும்பாலும் விருது பெற்றது, வரும். மொழி தெரியாத வங்காளப் படத்தையும் அசாமியப் படத்தையும் ஆங்கில வசன வரிகளின் துணையோடு தில்லி கரோல் பாக் வீடுகளில் தமிழர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். விருது என்ற சொல் அந்தப் படங்களை அவர்களிடம் கொண்டு வந்து சேர்த்தது.

இன்று மேடையில் பெயர் வாசிக்கப்படும் குறும்படத்தையோ ஆவணப்படத்தையோ மறுநாள் எங்கே பார்ப்பது என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விழாவை நேரலையில் காட்டும் தூர்தர்ஷன், அடுத்து வரும் வாரங்களில் அந்தப் படங்களையும் வசன வரிகளோடு ஒளிபரப்ப முடியும். உங்கள் கடிதத்தில் இருக்கும் கோபத்தை இந்தக் கோரிக்கையாக மாற்றி அவர்களுக்கு எழுதுங்கள். என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்