மண்டிச் சீட்டும் முன்பணமும்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் சில குடும்பங்கள் சேர்ந்து, சுற்றுவட்டாரத்தில் விளையும் காய்கறிகளை விவசாயிகளிடமே நேரடியாக வாங்கலாம் என்று பேசி வருகிறோம். இங்கே விளையும் கேரட் மேட்டுப்பாளையம் போய், மறுபடி மலையேறி எங்கள் கடைக்கு வருவது மனதை உறுத்துகிறது. ஆனால் விவசாயிகள் ஆர்வமாகத் தலையாட்டினாலும் சரக்கு மண்டிக்கே போகிறது. தவிர, இது வசதியுள்ளவர்களுக்கான இயற்கை அங்காடியாக முடிந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன். இத்தகைய முயற்சிகள் வேரூன்றுவதும் கலைந்துபோவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். விதைக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் வேண்டிய பணத்தைப் பல விவசாயிகள் மண்டிக்காரரிடம் முன்பணமாக வாங்கியிருப்பார்கள். அறுவடையன்று மூட்டை அந்தக் கணக்குக்குப் போய்ச் சேருகிறது. கேத்தி, பாலாடா பக்கம் விடியுமுன்னே பிடுங்கப்பட்டு, கழுவும் இயந்திரத்தில் சுழன்று மண் நீங்கி, ஈரம் சொட்டச் சொட்ட லாரி ஏறும் கேரட்டுக்குப் பிறகு விவசாயி கையில் வந்து சேரும் மண்டிச் சீட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே எடையும் விலையும் இருக்கும். அதன் கீழே கமிஷன், வண்டி வாடகை, இறக்குகூலி, சாக்கு, முன்பணத்தில் வரவு வைத்த தொகை என்று கழிவுகள் வரிசையாக இறங்கும். கடைசி வரியில் மிஞ்சும் எண்ணைக் கொண்டுதான் அந்தக் குடும்பம் அடுத்த போகத்தைத் தொடங்க வேண்டும்.

இதற்காக மண்டிக்காரரைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. பத்திரமில்லாமல், கேட்ட நேரத்தில் கடன் கொடுப்பவரும், எத்தனை மூட்டை வந்தாலும் திருப்பி அனுப்பாதவரும் அவர்தான். அவர் செய்யும் இந்த வேலையை உங்கள் குழுவும் ஓரளவு ஏற்றுக்கொள்ளாதவரை, 'எங்களுக்குக் கொடுங்கள்' என்ற வேண்டுகோளுக்குப் பயனிராது. ஆகவே முதலில் திரள வேண்டியவர்கள் உண்பவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். முப்பது குடும்பங்கள் சேர்ந்து, ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும் கார்போகத்துக்கு முன்பே ஒரு தொகையைத் திரட்டி, இரண்டு மூன்று விவசாயிகளுக்கு முன்பணமாகக் கொடுத்து, என்ன பயிர், எவ்வளவு, என்ன விலை என்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகளும் உழவர்களும் 'தெய்க்கெய்' என்ற பெயரில் கட்டியெழுப்பிய உறவு ஏறக்குறைய இதுதான்.

அந்த விலைக்குச் சோதனை இரு பக்கமிருந்தும் வரும். மண்டியில் விலை ஏறும்போது விவசாயிக்குக் கை அரிக்கும். சரியும்போது கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உங்கள் உறுப்பினர்களே முணுமுணுப்பார்கள். உறைபனியில் பயிர் கருகினாலோ, இரவில் காட்டு மாடு இறங்கி மேய்ந்துவிட்டாலோ, இழப்பில் எவ்வளவு பங்கு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்தப் பேச்சு சங்கடமானதுதான் என்றாலும் அதைத் தவிர்த்த குழு முதல் பனிக்காலத்தைத் தாண்டுவது கடினம்.

உள்ளூர் உணவு என்றால் எல்லாமே இங்கே விளைய வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். தோடரின் நெய்யும், கோத்தரின் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும், படகரின் தானியமும், குறும்பரின் தேனும் கைமாறித்தான் இந்த மலை நெடுங்காலம் பிழைத்தது. அரிசி இனியும் கீழிருந்துதான் வரும். ஆனால் கேழ்வரகின் கதை வேறு. 2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, அதற்கான தானியம் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் கொள்முதல் செய்யப்பட்டது. ராகியும் சாமையும் கொரலி என்ற சிறுதானியமும் விளைந்த படகர் ஊர்களின் நிலங்களில் பெரும்பகுதி இன்று தேயிலை. 1990களின் இறுதியில் பச்சைத்தேயிலை விலை வீழ்ந்தபோது, விற்க விலையும் உண்ணத் தானியமும் இல்லாமல் சிறு விவசாயிகள் தவித்தார்கள். தோட்டம் முழுவதையும் பிடுங்கச் சொல்லவில்லை. ஓரமாகக் கிடக்கும் கால் ஏக்கரில் ராகி போட யாராவது முன்வந்தால், அந்த விளைச்சலை வாங்க உங்கள் குழு உறுதி சொல்லட்டும்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் அம்மாவால் முன்பணம் கட்ட இயலாது. வசதியுள்ள குடும்பங்கள் மொத்தமாகவும் மற்றவர்கள் வாராவாரமும் செலுத்தட்டும்; கூடையும் விலையும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். சான்றிதழுக்காகவும் பெருஞ்செலவு செய்ய வேண்டாம். குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பார்வையிடலுக்கு உங்கள் உறுப்பினர்களும் உடன் சென்று வருவது நல்லது. மிஞ்சும் சரக்கை உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம்.

2009 நவம்பர் மண்சரிவில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை துண்டிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாலை அறுந்தால் விளைந்தது கீழே போகாது, வேண்டியது மேலே வராது. அப்படிப்பட்ட நாட்களுக்கு எந்த வீட்டில் எவ்வளவு தானியம் இருப்பு வைப்பது என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தை மார்ச் மாதத்துக்குள் கூட்டிவிடுங்கள். அதற்குமேல் தாமதித்தால் விவசாயி வேறிடத்தில் முன்பணம் வாங்கிவிடுவார்.

அன்புடன்.