நம்பினால்தான் வருவாரா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாண்டா வந்து பரிசு வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். ஜன்னலோரம் மாவைத் தூவி பூட்ஸ் தடம்கூடப் பதித்து வைப்பார் என் கணவர். சென்ற முறை மகள் பரிசைப் பிரித்ததும், "இதே பேப்பர் நம்ம பீரோ மேல சுருட்டி வச்சிருக்கே, அது எப்படி சாண்டாகிட்ட போச்சு?" என்று கேட்டாள். "இப்படியெல்லாம் கேட்டா அடுத்த வருஷம் வரமாட்டார். நம்புற பிள்ளைங்க வீட்டுக்குத்தான் வருவார்" என்று சொல்லிவிட்டார் கணவர். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். குழந்தைப் பருவத்தின் மாயத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்கிறார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சாண்டாவை நம்பும்படி பெற்றோர் ஊக்கப்படுத்தலாமா?
- ஒரு வாசகி

பதில்: கதை சொல்லலாம். சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு வந்து நிற்கலாம். குழந்தைகளோடு சேர்ந்து அந்த இரவு முழுக்க விளையாடலாம். ஆனால் 'நம்பு' என்று வற்புறுத்தக் கூடாது. நம்பவைப்பதற்காகச் சாட்சியம் தயாரிக்கவும் கூடாது. குழந்தை நேருக்கு நேர் கேட்ட பிறகு கண்டிப்பாகக் கூடாது. உங்கள் மனம் ஒப்பாதது நியாயம்தான்.

உங்கள் மகள் அன்று செய்தது எவ்வளவு அருமையான காரியம் என்பதை முதலில் உங்கள் கணவர் உணர வேண்டும். பரிசு கையில் இருக்கும்போது எந்தக் குழந்தை சுற்றியிருக்கும் பேப்பரைக் கவனிக்கும்? அவள் கவனித்தாள். அதை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். பீரோ மேலே இருந்த சுருள் நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்து, இடிக்கிறதே என்று கண்டுபிடித்து, உலகத்திலேயே தான் அதிகம் நம்புகிற இரண்டு பேரிடம் வந்து கேட்டாள். ஏழு வயதுக் குழந்தையிடம் இதைவிட வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அதற்கு அவளுக்குக் கிடைத்த பதில், கேள்வி கேட்டால் பரிசு கிடையாது என்பது. யோசித்ததற்கு அபராதம்.

அவள் வாயை மூடிக்கொண்டது சமாதானம் ஆகிவிட்டதால் என்று எண்ணாதீர்கள். கேட்டால் நஷ்டம் என்று புரிந்துகொண்டிருப்பாள். வரும் டிசம்பரில் அவள் நம்புவதாக நடிக்கக்கூடும். அவள் நம்புகிறாள் என்று நீங்கள் நடிப்பீர்கள். தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் காட்டிக்கொண்டால்தான் அப்பா சந்தோஷமாக இருப்பார் என்ற பாடத்தை ஒரு குழந்தை இவ்வளவு சீக்கிரம் படிக்க வேண்டாம்.

மாயம் கெட்டுவிடும் என்கிறாரே, அது யாருடைய மாயம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கார்ல் ஆண்டர்சன், நார்மன் பிரென்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சாண்டாவை நம்புவதை விட்டுவிட்ட 52 குழந்தைகளிடம் பேசி 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஏறக்குறைய ஏழு வயதில், தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். உங்கள் மகளின் வயது. விஷயம் தெரிந்ததும் பெரும்பாலும் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அதிகம் வருத்தப்பட்டவர்கள் அவர்களுடைய பெற்றோர். அந்த வருத்தத்தை நான் லேசாக எண்ணவில்லை. குழந்தை ஒரு படி வளர்ந்து நம் கையைவிட்டு நகர்கிறதே என்ற ஏக்கம் அது, பிள்ளை பெற்ற எல்லோருக்கும் வரும். ஆனால் அதைத் தாங்க வேண்டியவர்கள் நாம். நம் ஏக்கத்துக்காகக் குழந்தையின் கண்ணைக் கட்ட முடியாது.

கற்பனைக்கு வஞ்சகம் தேவையே இல்லை என்பது எந்தக் குழந்தையோடும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து விளையாடியவருக்குத் தெரியும். வெறும் தம்ளரை நீட்டி, "டீ சூடா இருக்கு, ஊதிக் குடிங்க" என்பாள் உங்கள் மகள். நீங்களும் ஊதுவீர்கள், சப்புக்கொட்டுவீர்கள், இன்னும் கொஞ்சம் கேட்பீர்கள். அதில் டீ இல்லை என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஆட்டத்தில் ஒரு சொட்டுச் சுவை குறைவதில்லை. சாண்டாவும் இப்படி வரட்டும். இருவரும் தெரிந்தே ஆடுகிற ஆட்டமாக வந்தால் யாருக்கும் கேடில்லை. ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் வைத்திருக்கும்போதுதான் அது விளையாட்டு என்ற எல்லையைத் தாண்டுகிறது.

குழந்தைகள் ஏமாளிகள், அதனால்தான் சாண்டாவை நம்புகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜாக்குலின் வூலியும் சகாக்களும் 2004இல் ஒரு சுவையான ஆய்வை வெளியிட்டார்கள். 'மிட்டாய்ச் சூனியக்காரி' என்று ஒருத்தியை அவர்களே உருவாக்கினார்கள். குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் சேர்க்கும் ஹாலோவீன் பண்டிகை இரவில் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பொம்மை வைத்துவிட்டுப் போவாள் என்று மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் சொன்னார்கள். சில வீடுகளில் பெற்றோரும் உடந்தையாக இருந்து, இரவோடு இரவாக மிட்டாயை எடுத்துவிட்டுப் பொம்மையை வைத்தார்கள். அந்த வீடுகளில் சூனியக்காரியை உறுதியாக நம்பியவர்கள் யார் தெரியுமா? ஆகச் சின்னக் குழந்தைகளைவிட, அவர்களில் சற்று மூத்தவர்கள்! மிட்டாய் இருந்த இடத்தில் பொம்மை இருக்கிறது, ஆகவே யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று கோத்துப் பார்க்கத் தெரிந்த வயது அது. அவர்களுடைய புத்தியில் கோளாறில்லை. நாம் வைத்த சாட்சியம் பொய்.

சாண்டா விஷயத்தில் அந்தச் சாட்சியம் எவ்வளவு பெரிதாக அடுக்கப்பட்டிருக்கிறது, பாருங்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் வான் பாதுகாப்பு அமைப்பான நோராட், ஒவ்வொரு டிசம்பர் 24ஆம் தேதியும் சாண்டா எந்த நாட்டுக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறார் என்று அறிவிக்கிறது. அதற்கு முன்பிருந்த அமைப்பில் 1955இல் தொடங்கிய வழக்கம் இது. கனடா அஞ்சல் துறை அவருக்கென்றே தனி அஞ்சல் குறியீடு வைத்திருக்கிறது, குழந்தைகள் கடிதம் போட்டால் பதிலும் வருகிறது. பின்லாந்தின் ரொவானியெமியில் அவருக்கு ஒரு கிராமமே உண்டு. ராணுவமும் தபால் இலாகாவும் பெற்றோரும் ஒரே குரலில் சொல்லும்போது, ஏழு வயதுப் பெண் ஒரு சுருள் பேப்பரை வைத்துக்கொண்டு அத்தனையையும் சந்தேகித்திருக்கிறாள். நான் அவளைக் கைகூப்பி வணங்குவேன்.

பத்திரிகை ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1897இல் வர்ஜீனியா ஓஹான்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி, நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த 'தி சன்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினாள். சாண்டா இல்லை என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள், 'சன்'னில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா சொல்கிறார், தயவுசெய்து எனக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். செப்டம்பர் 21 அன்று, பெயர் போடாமல் பிரான்சிஸ் சர்ச் எழுதிய பதில் தலையங்கமாக வந்தது. உன் தோழர்கள் சொல்வது தவறு, அன்பும் தாராள மனமும் இருப்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாக சாண்டா இருக்கிறார் என்றது அது. இன்றுவரை திரும்பத் திரும்ப மறுபதிப்பாகும் தலையங்கம். நடை அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுமி அன்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. பரிசு கொண்டுவருகிற அந்த மனிதர் இருக்கிறாரா என்று கேட்டாள். 'உண்மையைச் சொல்லுங்கள்' என்று கேட்ட குழந்தையிடம், உண்மையைச் சொன்ன தோழர்களைத் தவறு என்று சொன்னது நியாயமில்லை. அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்திருந்தால், அந்தத் தோழர்கள் சொல்வதுதான் சரி என்று எழுதிவிட்டு, அவளுக்குப் பரிசு வைப்பவர்கள் அவளை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்றும் எழுதியிருப்பேன்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. என்னை அதிகம் வேதனைப்படுத்துவது இதுதான். 'நம்பினால்தான் வருவார்' என்பதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு: 'சமர்த்தா இருந்தாத்தான் வருவார்.' உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பீர்கள், சொல்லாத வீடு குறைவு. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒருவனுக்கு சாண்டா சைக்கிள் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு வண்ணப் பென்சில் டப்பா. அப்பா வாங்கித் தந்தது என்று தெரிந்திருந்தால், அப்பாவால் முடிந்தது இவ்வளவு என்பது அவனுக்குப் புரியும். அந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். ஆனால் எல்லார் வீட்டுக்கும் வருகிற, எல்லாம் தெரிந்த, நல்ல பிள்ளை யார் கெட்ட பிள்ளை யார் என்று கணக்கு வைத்திருக்கிற ஒருவர் கொடுத்தது என்று சொல்லி வைத்திருக்கிறோமே! வருஷம் முழுக்கச் சமர்த்தாக இருந்த அந்தப் பையன் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? சைக்கிள் வாங்கியவனும் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவான். இருவரில் யாருடைய முடிவு அதிக ஆபத்தானது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தாத்தாவின் மூலவரான புனித நிக்கோலஸின் கதையில் இப்படி எந்த நிபந்தனையும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரின் ஆயர் அவர். மரபாகச் சொல்லப்படும் கதை இது: ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. நிக்கோலஸ் இரவில் வந்து ஜன்னல் வழியே பொன் முடிப்பைப் போட்டுவிட்டுப் போகிறார். மூன்றாம் முறை தகப்பன் ஒளிந்திருந்து பிடித்துவிட, வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறார். அந்தப் பெண்கள் சமர்த்தா என்று அவர் விசாரிக்கவில்லை. இல்லாதவர் வீடு எது என்று பார்த்துப் போனார். நடத்தைப் பேரேடு பின்னால் வந்து சேர்ந்தது. 1860களில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்களிலேயே, குழந்தைகளின் நடத்தையைக் குறித்து வைத்திருக்கும் சாண்டாவைப் பார்க்கலாம். பிள்ளைகளை மிரட்ட வசதியாக இருந்ததால் பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படுக்கவும் சாப்பிடவும் சத்தம் போடாமல் இருக்கவும் சாண்டாவைக் காவல்காரராக நிறுத்தும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

இத்தனை நாள் சொன்ன பொய்யால் மகளுக்கு நம்மீதுள்ள நம்பிக்கை உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கேன்டிஸ் மில்ஸ் என்ற உளவியலாளரின் சமீபத்திய ஆய்வில், உண்மை தெரிந்தபோது ஏதோ ஒரு வருத்தம் இருந்ததாகச் சொன்னவர்கள் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர். அதுவும் பெரும்பாலும் சீக்கிரம் ஆறிவிட்டது. அதிகம் அடிபட்டவர்களிடம் காணப்பட்டவை, சற்று வயது கூடிய பிறகு திடீரென்று தெரியவந்ததும், பெற்றோர் விடாப்பிடியாக நம்பவைத்திருந்ததும்தான். உங்கள் கணவர் போகிற வழி அந்தப் பக்கம் திரும்புகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். கேள்வியை அடைத்தவர் அப்பா, ஆகவே திறக்க வேண்டியவரும் அப்பாதான். "அன்னைக்கு நீ அந்தப் பேப்பரைப் பத்திக் கேட்டியே, நல்ல கேள்விம்மா. நீ என்ன நினைக்கிறே?" என்று அவர் கேட்கட்டும். அவள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். "நீங்கதானே வச்சீங்க?" என்றால் "ஆமாம், நாங்கதான்" என்று சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். எப்படியெல்லாம் ஒளித்து வைத்தீர்கள், மாவை யார் தூவியது, எந்த பூட்ஸ் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒருவேளை, "இல்லப்பா, சாண்டா இருக்கார்" என்று அவளே சொன்னால், அதையும் பிடுங்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாள் அந்த ஆட்டத்தில் இருக்க அவள் விரும்புகிறாள் என்று அர்த்தம். எப்போது கேட்டாலும் உண்மையைச் சொல்வோம் என்று மட்டும் தெரியப்படுத்தினால் போதும்.

மகன் நான்கு வயதில் கேள்வி கேட்கவில்லை என்றால் அவனை உட்காரவைத்து விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மாவுத் தடத்தை விட்டுவிடுங்கள், கதை இருக்கட்டும். அவனுக்கு ரகசியமாகப் பரிசு வைக்கிற வேலையில் அக்காவைச் சேர்த்துக்கொள்ளலாம், மிகவும் விரும்பிச் செய்வாள். ஆனால் "தம்பி கேட்டா இருக்கார்னு சொல்லணும்" என்று சத்தியம் வாங்காதீர்கள். அவன் கேட்டால் "அம்மாகிட்ட கேளு" என்று உங்களிடம் அனுப்பட்டும், பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. பள்ளியிலும் அப்படியே: மற்றப் பிள்ளைகளிடம் வலியப் போய்ச் சொல்ல வேண்டாம், அவர்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். யாராவது விடாமல் நச்சரித்து அவள் தெரிந்ததைச் சொல்லிவிட்டாள், அந்த வீட்டிலிருந்து புகார் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவளைத் திட்டாதீர்கள். அந்தப் பெற்றோரிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.