108 துண்டுப் பெட்டியை நம்பாதீர்கள், தம்பி

கராஜ் மூலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணை, வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் எடுத்தாயிற்று. வீட்டில் அப்பாவின் ஹொண்டா கப் ஒன்று, தோட்டத்துக்கு இறைக்கிற மெஷின் ஒன்று. இனிமேல் பக்கத்து வீட்டில் இரவல் கேட்காமல் சொந்தமாக ஒரு சொக்கெட் செற் (நட்டுத் தலையை மூடிப் பிடித்துக் கழற்றுகிற குழாய்த் துண்டுகளும் கைபிடியும்) வாங்க ஆசை. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் 108 துண்டு, இன்னொரு கடையில் அதே விலைக்கு 24 துண்டு. கூடத் தருகிறவனிடம் வாங்குவதுதானே புத்தி?
– கோண்டாவில் வாசகர்

பதில்: இல்லை. 108 என்று அட்டையில் போட்ட பெட்டியைத் திறந்து பாருங்கோ. ஸ்குறூ டிறைவர் முனைகளும் அலன் கீகளும் வரிசையாகக் குந்தியிருக்கும். அதில் பலவற்றை நீங்கள் ஆயுள் முழுக்கத் தொடமாட்டீர்கள். ஒரே விலைக்கு 24 துண்டு தருகிறவன் இரும்புக்குக் காசு வாங்குகிறான், 108 தருகிறவன் எண்ணிக்கைக்கு வாங்குகிறான்.

கடைக்குப் போகமுன் ஒரு துண்டுக் கடதாசியோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்துங்கள். எந்த நட்டு என்ன அளவு என்று இரவல் ஸ்பானரை வைத்துப் பார்த்து எழுதுங்கள், பிறகு மெஷினுக்குப் போங்கள். இரண்டும் ஜப்பான் சாமான் என்றால் 8, 10, 12, 14, 17, 19 என்ற ஆறு மில்லிமீற்றர் எண்தான் திரும்பத் திரும்ப வரும். 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள போல்ற்றுக்கு ஜப்பான்காரன் 12 அளவில் தலை வைப்பான், சர்வதேச அளவில் செய்கிறவன் 13 வைப்பான். 10 மில்லிமீற்றர் தடிப்புக்கு அவனிடம் 14, இவனிடம் 16, பழைய ஜேர்மன் அளவில் 17. அதனால்தான் இந்திய ஓட்டோ வைத்திருக்கிறவருக்கு 13 இல்லாமல் கை ஓடாது, கப் வைத்திருக்கிற உங்களுக்கு அது பெட்டியில் சும்மா கிடக்கும். ஆனால் 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு எல்லாரும் சண்டை பிடிக்காமல் 10 என்று ஒத்துப்போய்விட்டார்கள். எல்லா வீட்டிலும் 10 சொக்கெட் முதலில் தொலைவது ஏன் என்று இப்போது விளங்கும்.

சரி, அடுத்தது சதுரம். றச்சற் என்பது சொக்கெட்டை மாட்டி முன்னும் பின்னும் ஆட்டிச் சுற்றுகிற கைபிடி. அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சதுரக் கட்டையின் அளவைத்தான் கால் அங்குலம், 3/8, அரை அங்குலம் என்று கடையில் சொல்வார்கள். உங்களுக்கு 3/8 எடுங்கள். கால் அங்குலம் சின்ன வேலைக்கு நல்லதுதான், ஆனால் 17 அளவு டிறெயின் போல்ற்றில் (எஞ்சின் ஒயிலை வடிக்கிற போல்ற்) வைத்து அழுத்தினால் பயமாக இருக்கும். அரை அங்குலம் கார் சில்லைக் கழற்றுகிறவனுக்கு. அதன் கைபிடி நீளம் என்பதால், 6 மில்லிமீற்றர் போல்ற்றை அதால் இறுக்கினால் கைக்கு உணர்வு வரமுன்னமே போல்ற் அறுந்து கையோடு வரும். அந்தப் போல்ற்றுக்குத் தேவை கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீற்றர்தான். 20 சென்ரிமீற்றர் கைபிடியின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு விசை அது, அவ்வளவுதான். நாங்களோ மாடு கட்டுகிற மாதிரி இறுக்குகிறோம்.

பின் சில்லு அச்சு நட்டு இதற்கெல்லாம் மசியாது. அதற்கென்று பிறகு அரை அங்குல நீளக் கம்பி ஒன்றும், அந்த நட்டின் அளவுக்கு ஒரே ஒரு சொக்கெட்டும் தனியாக வாங்குங்கள். றச்சற்றின் வாலில் தண்ணீர்க் குழாயைச் சொருகி ஏறி மிதிக்கிற வேலை வேண்டாம். உள்ளே இருப்பது சின்னப் பல், அது தெறித்தால் உங்கள் முழங்கை நேரே சீமெந்தில்தான் போய் நிற்கும்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். என்னுடைய முதல் செற்றில் சொக்கெட்டின் உள்வாயில் 12 மூலை. நட்டில் சுலபமாகப் பொருந்துகிறது, எந்தக் கோணத்திலும் ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒருநாள் ஒயில் மாற்றப் போய், இறுகிக் கிடந்த டிறெயின் போல்ற்றில் வைத்து இழுத்தேன். க்ளுக் என்றொரு சத்தம். கழன்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், போல்ற் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆறு மூலையும் மழுங்கி நாவல்பழம் மாதிரி உருண்டிருக்கிறது, சொக்கெட்டுக்குள் வெள்ளி நிறத்தில் இரும்புச் சீவல். பிறகு உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கழற்றினேன், அதற்கு அரை நாள் போனது. 12 மூலைச் சொக்கெட் போல்ற்றின் கூர் மூலையோடு ஒட்டிய ஒரு சின்ன இடத்தை மட்டும் பிடிக்கிறது. 6 மூலை கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில், கூடின இடத்தில் பிடிக்கும். கடல் காற்றில் துருப்பிடித்த எங்கள் ஊர் நட்டுகளுக்கு 6 மூலைதான். கடைக்காரரிடம் இதை முதலில் கேளுங்கள், விலையைப் பிறகு கேட்கலாம்.

கேள்வி: அண்ணை, சொக்கெட்டில் குரோம் வனேடியம் (ஒருவகை உருக்கு) என்று அடித்திருந்தால் நல்ல சாமான்தானே? எந்தப் பிராண்ட் நல்லது?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: அந்த எழுத்தை அடிக்க ஓர் அச்சு இருந்தால் போதும். உண்மையிலேயே குரோம் வனேடியமாக இருந்தாலும் சூடாக்கிக் குளிர்த்துப் பதப்படுத்தினதில் பிழை என்றால் வாய் விரியும், இல்லாவிட்டால் வெடிக்கும். அரிசி நல்லதென்றாலும் சோறு குழையலாம்தானே.

ஜப்பானின் கோக்கன், கே.ரி.சி. இரண்டும் உங்கள் பிள்ளைக்கும் மிஞ்சும், ஆனால் முதல் சம்பளத்துக்குரிய சாமான் இல்லை. தாய்வானின் கிங் ரொனி, என் கணக்கில், காசுக்கும் தரத்துக்கும் நடுவில் நல்ல இடத்தில் நிற்கிறது. இந்தியாவின் தப்பாரியாவுக்கு வெளிப் பளபளப்புக் குறைவு, வேலை செய்யும். சீனாவின் இங்கோ, ரோட்டல் போன்றவை கிழமைக்கு ஒருநாள் தொடுகிற வீட்டுக்காரருக்குக் காணும். பெயரைவிட நான் பெரிதாகப் பார்ப்பது வேறு: தொலைந்த ஒற்றைச் சொக்கெட்டை அதே கடையில் தனியாக வாங்க முடியுமா?

கடையில் வைத்தே சோதிக்கலாம். தலை மழுங்காத புதுப் போல்ற் ஒன்றைச் சட்டைப் பொக்கற்றில் கொண்டுபோங்கள். சொக்கெட்டை அதில் மாட்டி இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், மெல்லிய ஆட்டம் இருக்கலாம், கடகட என்று ஆடினால் வேண்டாம். வாய்ப் பக்கமாகப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றின சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக இருக்கவேண்டும். அளவு எண் இரும்பில் ஆழமாகப் பதிந்திருக்கவேண்டும், மையில் அடித்தது ஆறு மாதத்தில் அழிந்துவிடும், பிறகு 12 எது 13 எது என்று வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் றச்சற்றைக் காதுக்குக் கிட்டப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். 72 பல் உள்ளது 5 பாகை திரும்பினாலே அடுத்த பல்லைப் பிடிக்கும், 24 பல் என்றால் 15 பாகை திரும்பவேண்டும். மெஷினின் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் கையை விட்டு வேலை செய்யும்போது அந்தப் 10 பாகை வித்தியாசம் என்ன என்று தெரியும். திசை மாற்றுகிற சுண்டியைத் தட்டி மற்றப் பக்கமும் சுற்றிப் பாருங்கள். மலிவு றச்சற்றில் இறுக்குகிற பக்கம் நன்றாக வேலை செய்தாலும், கழற்றுகிற பக்கம் வழுக்கலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது. மில்லிமீற்றர் செற் அதற்குச் சரிவருமா?
– சுன்னாகம் வாசகி

பதில்: சரிவராது பிள்ளை. அது 1948 முதல் 1971 வரை செய்த இங்கிலாந்துக் கார், அதன் போல்ற்றுகள் பெரும்பாலும் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 சொக்கெட்டுகள்தான் அதில் கூடுதலாக வேலை செய்யும். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 ஏறும், ஆனால் தளரும். 9/16 என்பது 14.29, அதில் 14 ஏறாது, 15 சுற்றும். 3/4 என்றால் 19.05, அதனால் அது 19 சொக்கெட்டோடு ஒத்துப்போகிறது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின வண்டிகள் இவை, எதையும் தாங்கும், பிழையான சொக்கெட்டைத் தவிர. அங்குலத்தில் 6 மூலை சொக்கெட் ஆறேழு மட்டும் 3/8 சதுரத்தில் தனித்தனியாக வாங்குங்கள், மில்லிமீற்றர் செற்றோடு வருகிற 3/8 றச்சற்றே அதற்கும் பொருந்தும்.

கேள்வி: பற்றறியில் வேலை செய்கிற, நட்டை அடித்தடித்துச் சுற்றுகிற இம்பாக்ற் கன் ஒன்று அண்ணா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார். வழமையான வெள்ளி நிறச் சொக்கெட்டை அதில் போடலாமா?
– நல்லூர் வாசகர்

பதில்: போடாதீர்கள். அது கைக்குச் செய்தது, அடி தாங்காது, வெடித்துத் துண்டு பறக்கும், கண் போகும். கன்னுக்குக் கறுத்த, சுவர் தடித்த குரோம் மொலிப்டினம் சொக்கெட் தனியாக இருக்கிறது.

கேள்வி: செற் வாங்கி ஒரு வருடம்கூட இல்லை, அதற்குள் துரு. வீடு கடற்கரைக்குக் கிட்ட. றச்சற்றும் இறுகிவிட்டது, கிறீஸ் போட்டேன், இன்னும் மோசம்.
– குருநகர் வாசகர்

பதில்: கிறீஸ் தடிப்பாகப் போட்டால் உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிறிங் பல்லைத் தள்ள முடியாமல் மாட்டிக்கொள்ளும், அதுதான் நடந்திருக்கிறது. றச்சற் தலையின் மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள், அந்த ஸ்பிறிங் நெல்மணி அளவுதான் இருக்கும், பாய்ந்தால் கிடைக்காது. காய்ந்தபின் தையல் மெஷின் ஒயில் இரண்டு துளி போதும். சொக்கெட்டுகளை ஒயில் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடுங்கள். குரோம் உரிந்து செதில் கிளம்பின சொக்கெட் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், அந்தச் செதில் பிளேட் மாதிரிக் கையை வெட்டும்.